அல்சைமர் சந்தேகம்: எம்.ஆர்.ஐ. போதுமா, பெட் ஸ்கேன் வரை போக வேண்டுமா?

“அம்மாவுக்கு 74 வயசு. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேக்குறாங்க. எம்.ஆர்.ஐ. எடுத்தோம், ‘வயசுக்கேத்த மூளைச் சுருக்கம்’னு ரிப்போர்ட் வந்திருக்கு. நியூஜெர்சியில இருக்கிற அண்ணன் அமிலாய்டு பெட் எடுத்தே ஆகணும்னு சொல்றாரு. எடுக்கணுமா?”

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியது. அமிலாய்டு பெட் என்பது, அல்சைமரில் மூளையில் சேரும் ஒரு புரதப் படிவைக் கதிரியக்க மருந்து ஊசி போட்டுத் தேடும் ஸ்கேன். இதே கேள்வி பெரம்பூரிலிருந்தும் வருகிறது, தாம்பரத்திலிருந்தும் வருகிறது. சில வீடுகளில் அப்பா, சில வீடுகளில் மாமியார். ஸ்கேன் எடுத்த பிறகும் குழப்பம் தீரவில்லை என்பதுதான் எல்லோருக்கும் பொதுவான குறை.

எந்த ஸ்கேன் உசத்தி என்று கேட்டால் பதில் கிடைக்காது. இந்த ஸ்கேன் முடிவு கைக்கு வந்தால் நாளைக்கு வீட்டில் எது மாறும் என்று கேட்டால் கிடைக்கும். நல்ல நரம்பியல் மருத்துவர்கள் இதைத்தான் திருப்பிக் கேட்பார்கள்: “எடுத்துட்டு என்னம்மா பண்ணப் போறீங்க?” காதில் விழும்போது கடுமையாகத் தோன்றும். ஆனால் உங்கள் பணத்தையும் பெரியவரின் உடம்பையும் காப்பாற்றுகிற கேள்வி அது.

## தேடுகிற பொருள் எவ்வளவு சிறியது

1906-ல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டம் ஒன்றில் அலோய்ஸ் அல்சைமர் ஒரு பெண்ணின் மூளையைப் பற்றிப் பேசினார். 51 வயதில் நினைவு தடுமாறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 55 வயதில் இறந்துபோனவர் அந்தப் பெண். அவருடைய மூளையை மெல்லிய சீவல்களாக்கி, வெள்ளி உப்பால் சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. நரம்பு செல்களுக்கு வெளியே படிவுகள். செல்களுக்கு உள்ளே முடிச்சுகள். படிவு என்பது அமிலாய்டு பீட்டா என்ற புரதத் துணுக்குகள் திரண்டது. ஆங்கில ரிப்போர்ட்டில் ‘பிளேக்’ என்று எழுதுவார்கள். முடிச்சு டௌ என்ற வேறொரு புரதத்தால் ஆனது.

இந்தப் படிவு ஒவ்வொன்றும் சில பத்து மைக்ரான் அளவுதான். 50 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லிமீட்டருக்குள் 20 படிவுகளை வரிசையாக அடுக்கலாம். மருத்துவமனையில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் ஒரு புள்ளியின் அளவே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். பெட் ஸ்கேனில் அது 4 முதல் 6 மில்லிமீட்டர். ஆகவே உயிரோடிருப்பவர் மூளையில் ஒரு தனிப் படிவை நேரடியாகக் காட்டும் ஸ்கேன் இன்று எந்த மருத்துவமனையிலும் கிடையாது.

நம் ஊரிலேயே, ஐ.ஐ.டி. மெட்ராஸில் உள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம் மனித மூளையைச் செல் அளவில் படமாக்கிவருகிறது. 2024-ல் அவர்கள் வெளியிட்ட ‘தரணி’ என்ற, கருவிலிருக்கும் சிசுவின் மூளை வரைபடத்துக்காக 5,132 மூளைச் சீவல்களைப் படமெடுத்தார்கள். அந்த நுணுக்கம் உயிர் போன பிறகு கிடைக்கும் மூளையில்தான் கைகூடும். உயிரோடிருப்பவருக்கு எடுக்கும் சோதனைகள் எல்லாமே படிவின் விளைவையோ, படிவில் போய் ஒட்டும் மருந்தின் ஒளியையோ, ரத்தத்திலும் முதுகுத்தண்டு நீரிலும் விழும் அதன் தடயத்தையோ வைத்துச் செய்யும் அனுமானம். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றது எளிது.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல் மேலே சொன்னதுதான்: முடிவு எதை மாற்றும்? மருந்தையா, வேலையை விடும் முடிவையா, உயில் எழுதும் அவசரத்தையா, அல்லது எதையுமே இல்லையா? மற்ற எல்லாவற்றையும் விட இதற்கு அதிக எடை கொடுங்கள்.

அடுத்தது, சோதனை படிவைப் பற்றிப் பேசுகிறதா, மூளைச் சேதத்தைப் பற்றிப் பேசுகிறதா என்பது. மூன்றாவது, ‘உண்டு’ என்று வந்தால் எவ்வளவு நம்பலாம், ‘இல்லை’ என்று வந்தால் எவ்வளவு நம்பலாம். இவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள்; ஒரு சோதனை ஒன்றில் கெட்டியாகவும் இன்னொன்றில் தளர்வாகவும் இருக்கலாம். நான்காவது, பெரியவரின் உடம்பு: சர்க்கரை, சிறுநீரகம், பேஸ்மேக்கர், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, அடைந்த இடத்தில் வரும் பயம். கடைசியாக, பில்லில் வராத செலவு.

| சோதனை | படிவு தெரியுமா? | எதற்கு உகந்தது | பில்லில் வராத செலவு |
|---|---|---|---|
| சி.டி. | தெரியாது | விழுந்த பின் ரத்தக்கட்டு, அவசரம் | தவறான நிம்மதி |
| எம்.ஆர்.ஐ. | தெரியாது | வேறு காரணங்களை விலக்க, சுருக்கத்தின் இடம் பார்க்க | அசையாமல் படுக்கவைப்பது, சில சமயம் மயக்க மருந்து |
| எஃப்.டி.ஜி. பெட் | தெரியாது | எந்த வகை மறதிநோய் என்று பிரிக்க | சர்க்கரைக் கட்டுப்பாடு, வெறும் வயிறு |
| அமிலாய்டு பெட் | மொத்தமாகத் தெரியும் | இளவயது, வழக்கத்துக்கு மாறான அறிகுறி, புதிய மருந்து | வீணாகும் டோஸ், தேவையில்லாத பயம் |
| முதுகுத்தண்டு நீர் | தடயம் தெரியும் | மேலே சொன்ன அதே ஆட்களுக்கு | தலைவலி, மாத்திரையை நிறுத்துவது |
| ரத்தம் (பி-டௌ 217 என்ற டௌ வகை) | தடயம் தெரியும் | அறிகுறி உள்ளவர்களைச் சலித்தெடுக்க | நடுவில் நிற்கும் முடிவு, அதன் பின் இன்னொரு சோதனை |

## சி.டி. ஸ்கேன்

மலிவு, சில நிமிடத்தில் முடியும், எந்த நேரத்திலும் கிடைக்கும். அல்சைமரைப் பற்றி ஏறக்குறைய எதுவும் சொல்லாது. ஆனால் ஒரு சூழ்நிலையில் இதுதான் முதல் சோதனை. இரண்டு வாரம் முன்பு பாத்ரூமில் வழுக்கி விழுந்த தாத்தா, ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ சாப்பிடுபவர், சில நாட்களாகக் குழம்பிப் பேசுகிறார் என்றால், மண்டை ஓட்டுக்குக் கீழே ரத்தம் தேங்கியிருக்கலாம். அங்கே மறதிநோய் பற்றிய விவாதமே வேண்டாம், அன்றைக்கே சி.டி. எடுங்கள்.

## எம்.ஆர்.ஐ.

சென்னையில் நினைவுத் தடுமாற்றத்துக்குப் பெரும்பாலும் முதலில் எழுதித் தரப்படுவது இது. முதலில் எழுதித் தருவது சரிதான். அதற்கு மேல் இதனிடம் எதிர்பார்ப்பதில்தான் சிக்கல்.

எம்.ஆர்.ஐ. செய்யும் உண்மையான வேலை விலக்குவது. மூளையில் நீர் தேங்கும் நோய், சத்தமில்லாமல் வந்துபோன சின்னச் சின்னப் பக்கவாதங்கள், கட்டி, ரத்தக்கட்டு. இவற்றில் சில சரிசெய்யக்கூடியவை. அடுத்து, ஹிப்போகேம்பஸ் என்ற நினைவுப் பகுதி எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதை 0 முதல் 4 வரை மதிப்பெண் போட்டுச் சொல்லலாம். அந்த மதிப்பெண் அல்சைமர் பக்கம் சாய்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார்.

சுருக்கம் படிவின் அடையாளமா என்றால், தனியாக வைத்துச் சொல்ல முடியாது. எண்பதைத் தாண்டியவர்களிடம் டி.டி.பி.-43 என்ற வேறொரு புரதம் படிந்தும் அதே நினைவுப் பகுதி சுருங்கும். 2019-ல் ஆய்வாளர்கள் இதற்கு ‘லேட்’ என்று தனிப் பெயரே வைத்தார்கள். படத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். மறுபக்கம், படிவு சேரத் தொடங்கி 15, 20 ஆண்டுகள் கழித்துத்தான் அறிகுறி வரும். அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் எம்.ஆர்.ஐ. சாதாரணமாகவே இருக்கும். அதனால் ‘நார்மல் எம்.ஆர்.ஐ.’ என்பது ‘அல்சைமர் இல்லை’ என்ற சான்றிதழ் ஆகாது.

ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பயப்படுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. ‘ஏஜ் ரிலேட்டட் செரிப்ரல் அட்ராஃபி’, ‘ஸ்மால் வெஸல் இஸ்கீமிக் சேஞ்சஸ், ஃபசேக்காஸ் கிரேடு 1’. இந்த இரண்டு வரியும் எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களின் ரிப்போர்ட்டுகளில் சர்வசாதாரணம். முதல் வரிக்கு அர்த்தம், வயதோடு வரும் பொதுவான சுருக்கம். இரண்டாவது, நுண்ணிய ரத்தக்குழாய்களில் லேசான தேய்மானம். பிரஷரையும் சர்க்கரையையும் இன்னும் கவனி என்று சொல்கிறது. இரண்டிலும் படிவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அந்த வாசகியின் அம்மாவுடைய ரிப்போர்ட்டும் இப்படித்தான். அண்ணன் நினைப்பதுபோல அந்த எம்.ஆர்.ஐ. தோற்றுப்போகவில்லை, தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது.

மறைமுகச் செலவு எங்கே இருக்கிறது? 20, 30 நிமிடம் அந்தக் குழாய்க்குள் சத்தத்தில் அசையாமல் படுக்க வேண்டும். ஏற்கனவே குழம்பியிருக்கும் ஒருவர் பாதியில் எழுந்துகொள்வார். மயக்க மருந்து கொடுத்தால் அடுத்த ஒன்றிரண்டு நாள் குழப்பம் அதிகமாகலாம். காலை நேரத்தில், அவர் தெளிவாக இருக்கும் வேளையில் அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். மகளோ மகனோ உள்ளே கூட நின்று கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று மையத்தில் கேளுங்கள். பழைய பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

## எஃப்.டி.ஜி. பெட்

புற்றுநோய்க்கு எடுக்கிற அதே பெட் ஸ்கேன், அதே மருந்து. கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரை அது. மூளையின் எந்தப் பகுதி சர்க்கரையைக் குறைவாக எரிக்கிறது என்று பார்க்கிறார்கள். அல்சைமரில் பொட்டுப் பகுதிக்குப் பின்னாலும் உச்சிப் பக்கத்திலும் மங்கும். முன்நெற்றிப் பகுதி மங்கினால் வேறு வகை மறதிநோயை யோசிக்க வேண்டும்.

படிவு இதில் தெரியாது. ஆனாலும் சில வீடுகளுக்கு அமிலாய்டு பெட்டைவிட இதுதான் உதவும் என்று உறுதியாகச் சொல்வேன். 62 வயதுக்காரர், நினைவு பரவாயில்லை, ஆனால் குணம் தலைகீழாக மாறிவிட்டது, கூச்சமில்லாமல் பேசுகிறார், இனிப்பை அள்ளி அள்ளிச் சாப்பிடுகிறார் என்றால் அங்கே கேள்வி ‘அல்சைமரா, முன்மூளை மறதிநோயா’ என்பது. அதற்கு எஃப்.டி.ஜி. நேரடியாகப் பதில் சொல்ல முயலும்.

நம் ஊருக்கே உரிய தொல்லை சர்க்கரை நோய். நான்கு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். ரத்தச் சர்க்கரை 200-ஐத் தாண்டினால் பல மையங்களில் அன்றைக்கு ஸ்கேனைத் தள்ளிவைத்துவிடுவார்கள், ஏனென்றால் சாதாரணச் சர்க்கரையும் மருந்துச் சர்க்கரையும் மூளைக்குள் போகப் போட்டி போடும், படம் மங்கிவிடும். இன்சுலின் போடுபவர் என்றால் காலை டோஸை என்ன செய்வது என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள். ஊசி போட்ட பின் அரை மணி நேரத்துக்கு மேல் மங்கிய வெளிச்சத்தில் பேசாமல், போன் பார்க்காமல் உட்கார வேண்டும். அந்த அறைக்குள் துணைக்கு ஆளை விடமாட்டார்கள். “எங்க இருக்கேன்? என்னைக் கூட்டிட்டுப் போங்க” என்று பெரியவர் எழுந்து கதவைத் தட்டுவது அங்கே புதிதில்லை. அன்று கூட வருகிறவர் கர்ப்பிணியாக இருக்கக் கூடாது; வீடு திரும்பிய பின்னும் சில மணி நேரம் கைக்குழந்தையைப் பெரியவர் மடியில் விட வேண்டாம்.

## அமிலாய்டு பெட்

அண்ணன்கள் கேட்பது இதைத்தான். கேட்பதில் நியாயமும் இருக்கிறது, ஏனென்றால் ஸ்கேன் வகைகளில் அமிலாய்டு படிவைப் பற்றி நேராகப் பேசுவது இது ஒன்றுதான்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கிளங்க், செஸ்டர் மாத்திஸ் இருவரும் படிவில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு மூலக்கூறை உருவாக்கினார்கள். 2002-ல் ஸ்வீடனின் உப்சாலாவில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு அது செலுத்தப்பட்டது. அதில் பயன்பட்ட கார்பன்-11 இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் கரைந்துவிடும். அடுத்து வந்த ஃபுளூரின்-18 மருந்துகளுக்கு அந்தக் கணக்கு 110 நிமிடம். இவற்றில் ஃபுளோர்பெட்டாபிர் 2012-லும், ஃபுளூட்டெமெட்டமால் 2013-லும், ஃபுளோர்பெட்டாபென் 2014-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

எப்படித் தெரிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரவில் விமானம் மீனம்பாக்கத்தில் இறங்கும்போது தி.நகர் ஒரு வெளிச்சத் திட்டாகத் தெரியும், எந்தக் கடையில் எந்த விளக்கு எரிகிறது என்று தெரியாது. அமிலாய்டு பெட்டும் அப்படித்தான். படிவுகள் போதிய அளவு சேர்ந்த பிறகே திட்டு தெரியும். ‘பாசிட்டிவ்’ என்றால் நடுத்தரமாகவோ நிறையவோ படிவு இருக்கிறது. ‘நெகட்டிவ்’ என்றால் இல்லை அல்லது மிகக் குறைவு. அந்த ‘மிகக் குறைவு’க்குள் ஆரம்பநிலை ஒளிந்துகொள்ளலாம்.

ஃபுளோர்பெட்டாபிரை அனுமதிக்க உதவிய ஆய்வில், ஸ்கேன் எடுத்து, இறந்தபின் மூளையையும் ஒப்படைத்த 59 பேரின் முடிவுகள் ஒப்பிடப்பட்டன. படிவு இருந்தவர்களில் 92 சதவீதம் பேரை ஸ்கேன் கண்டுபிடித்தது. இல்லாத யாரையும் தவறாக உண்டு என்று சொல்லவில்லை. மிக நல்ல எண்கள். ஆனால் அவர்கள் வாழ்வின் கடைசிக் கட்டத்தில் இருந்தவர்கள். 60 வயதில் லேசான மறதியோடு வருபவர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் இல்லை.

அரிதாக, படிவு இருந்தும் ஸ்கேன் இருட்டாகவே இருக்கும். ‘ஆர்க்டிக்’, ‘ஒசாகா’ என்று பெயரிடப்பட்ட மரபணு மாற்றம் உள்ள குடும்பங்களில் இப்படி நடந்திருக்கிறது. அங்கே புரதம் திரளும் விதமே வேறு. மூளை மிகவும் சுருங்கியிருந்தாலும் மேற்புறத் திட்டைப் படிப்பது கடினம். வெள்ளைப் பகுதியில் மருந்து இயல்பாகவே ஒட்டும் என்பதால், சாம்பல் பகுதியின் ஒளியை அதிலிருந்து பிரித்துப் பார்க்கப் பயிற்சி வேண்டும். பெட் மையங்களின் அன்றாட வேலையில் பெரும்பங்கு புற்றுநோய். ஆகவே ‘அமிலாய்டு ஸ்கேன் படிக்கப் பயிற்சி எடுத்தவர்தான் ரிப்போர்ட் எழுதுவாரா?’ என்று கேட்பதில் தவறே இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ‘பாசிட்டிவ்’ பக்கம் இருக்கிறது. படிவு இருப்பதும் நோய் இருப்பதும் ஒன்றல்ல. நினைவில் எந்தக் குறையும் இல்லாதவர்களிடமே 50 வயதில் சுமார் 10 சதவீதம் பேருக்கும், 90 வயதில் 40 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கும் அமிலாய்டு இருக்கிறது என்று 2015-ல் வெளியான பெரிய தொகுப்பாய்வு காட்டியது. அமெரிக்கக் கன்னியாஸ்திரிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், 101 வயது வரை தெளிவாக இருந்த ஒரு சகோதரியின் மூளை, இறந்தபின் பார்த்தால், படிவும் முடிச்சுமாக நிறைந்திருந்தது. வேறொரு புரதம் படிவதால் வரும் லூவி பாடி மறதிநோயிலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த ஸ்கேன் பாசிட்டிவாக வரும். மூளை ரத்தக்குழாய்ச் சுவரில் அமிலாய்டு படியும் நோயிலும் வரும். மருந்தின் அமெரிக்கக் குறிப்பேட்டிலேயே ‘பாசிட்டிவ் முடிவு மட்டும் அல்சைமரை உறுதி செய்யாது’ என்ற பொருளில் பல ஆண்டுகள் எழுதப்பட்டிருந்தது.

அதனால் 82 வயது அம்மாவுக்குப் பாசிட்டிவ் வந்தால் நமக்குக் கிடைக்கும் புதிய தகவல் கொஞ்சம்தான். நெகட்டிவ் வந்தால் தகவல் அதிகம்: மறதிக்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது, தேடு என்கிறது. இந்தச் சோதனையின் பலம் ‘இல்லை’ என்று சொல்வதில்தான்.

அப்படியானால் யாருக்கும் பயனில்லையா? உண்டு. 2019-ல் முடிவுகள் வெளியான ஐடியாஸ் என்ற அமெரிக்க ஆய்வில் 11,000-க்கும் மேற்பட்டவர்கள் அமிலாய்டு பெட் எடுத்தார்கள். காரணம் புரியாத லேசான மறதி உள்ளவர்களில் 55 சதவீதத்துக்கும், மறதிநோய் நிலையை எட்டியவர்களில் 70 சதவீதத்துக்கும் பாசிட்டிவ். சுமார் 60 சதவீதம் பேருக்குச் சிகிச்சைத் திட்டம் மாறியது. கவனியுங்கள், அவர்கள் நிபுணர் பார்த்து, மற்ற சோதனை எல்லாம் முடித்து, அதன் பிறகும் குழப்பம் தீராதவர்கள். வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு நேராக ஸ்கேன் மையத்துக்குப் போனவர்கள் இல்லை.

செலவுக்கு வருவோம். 110 நிமிடக் கணக்கைத் திரும்பப் பாருங்கள். காலை 6 மணிக்குத் தயாரான மருந்து 7.50-க்குப் பாதி, 9.40-க்குக் கால்வாசி. உங்கள் பெரியவருக்கென்று ஒரு நாள் குறித்துத் தயாரிப்பார்கள். அன்று அவருக்குக் காய்ச்சல் வந்தாலோ, “வரமாட்டேன்” என்று அடம்பிடித்தாலோ அந்த டோஸை மறுநாளைக்கு எடுத்துவைக்க முடியாது. பணம் திரும்புமா என்பதை முன்பதிவிலேயே எழுத்தில் வாங்குங்கள். மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்று நம்பி இறங்கவும் வேண்டாம். நம் நாட்டுப் பாலிசிகளில் ‘எக்ஸ்க்ளூஷன் 04’ என்ற பொது விதி, நோயறியும் சோதனைக்காக மட்டுமே மருத்துவமனையில் சேர்ந்தால் பணம் கிடையாது என்கிறது. ‘ஒரு நாள் அட்மிட் பண்ணி கிளெய்ம் போட்டுக்கலாம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொரு செலவு மனதுக்கு. அறிகுறியே இல்லாத ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்தால் அவர் நோயாளியா? 2024-ல் இரண்டு நிபுணர் குழுக்கள் இரண்டு பதில் சொன்னார்கள். அமெரிக்க அல்சைமர் சங்கத்தின் குழு, உயிரியல் சான்று இருந்தாலே நோய் தொடங்கிவிட்டது என்றது. சர்வதேசப் பணிக்குழு, அறிகுறியும் இருந்தால்தான் நோய் என்றது. நிபுணர்களே ஒத்துப்போகாத ஒரு முத்திரையை, நன்றாக நடமாடும் அப்பா நெற்றியில் ஒட்டி அவர் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

டௌ முடிச்சைக் காட்டும் பெட் ஒன்றும் 2020-ல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. அறிகுறியின் தீவிரத்தோடு அமிலாய்டைவிட அது நெருக்கமாகப் பொருந்துகிறது. ஆனாலும் ஒரு குடும்பத்தின் முதல் முடிவுக்கு அது தேவைப்படாது.

## முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனை

“முதுகுல ஊசியா? கால் வராம போயிடுமே!” இந்தப் பயத்தால்தான் நல்ல சோதனை ஒன்று ஓரமாகக் கிடக்கிறது. தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடும். ஊசி அதற்குக் கீழே, தண்டுவடம் இல்லாமல் நீரும் நரம்பு இழைகளும் மட்டும் இருக்கும் இடத்தில் இறங்குகிறது. அமிலாய்டு 42, அமிலாய்டு 40 என்ற இரண்டு நீளத் துணுக்குகளுக்கு இடையே உள்ள விகிதம், டௌ அளவு, இரண்டும் ஒரே குழாய் நீரில் கிடைக்கும். இந்த விகிதத்தைப் பார்க்கும் சோதனைக்கு 2022-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அமிலாய்டு பெட்டோடு நன்றாக ஒத்துப்போகிறது, கதிர்வீச்சு இல்லை.

எங்கே எவ்வளவு படிவு என்று சொல்லாது. சிலருக்கு இரண்டு மூன்று நாள் தலைவலி. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை மருத்துவர் சொன்னபடி நிறுத்தித் தொடங்க வேண்டும். முதுகெலும்பு தேய்ந்து வளைந்தவர்களுக்கு ஊசி இறங்குவதே பாடு. இன்னொன்று, அமிலாய்டு சாதாரணக் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரோப்பிலீன் குழாயில் எடுக்காவிட்டால் அளவு பொய்யாகக் குறைந்து, இல்லாத நோயைக் காட்டும். இதை அடிக்கடி செய்கிற நரம்பியல் பிரிவில்தான் செய்துகொள்ள வேண்டும்.

## ரத்தப் பரிசோதனை

2025 மே மாதம் அமெரிக்காவில் முதன்முறையாக ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி கிடைத்தது. பி-டௌ 217-ஐ அமிலாய்டு 42-ஓடு ஒப்பிடும் சோதனை. 55 வயதும் அதற்கு மேலும் ஆன, அறிகுறி உள்ளவர்களுக்கு, நிபுணர் மேற்பார்வையில் மட்டும். பாசிட்டிவ் வந்தவர்களில் 91.7 சதவீதமும், நெகட்டிவ் வந்தவர்களில் 97.3 சதவீதமும் பெட் அல்லது முதுகுத்தண்டு நீர் முடிவோடு பொருந்தினார்கள். ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானவர்கள் நடுவில் நின்றார்கள். உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அவர்களுக்கு மறுபடியும் பெட்டோ முதுகு ஊசியோதான்.

வரும் ஆண்டுகளில் பெட் ஸ்கேனுக்கான தேவையை இது வெகுவாகக் குறைக்கும் என்று நான் நம்புகிறேன். ஆனால் சென்னை வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை: சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் பி-டௌ 217 தானாகவே ஏறும். இருபது வருடச் சர்க்கரை நோயாளிக்குக் கிரியாட்டினின் பார்க்காமல் இந்தச் சோதனையை எடுத்தால், சிறுநீரகத்தின் குற்றம் மூளையின் மேல் விழும். வரம்பு எண்களும் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வுகளில் வகுக்கப்பட்டவை. ரத்தம் கொடுக்குமுன் மாதிரி எந்த ஊருக்குப் போகிறது, எந்த முறையில் அளக்கிறார்கள், நடு வரம்பு என்ன என்று லேபில் கேளுங்கள். ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’பில் ஒரு வரியாக இது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

## உங்கள் வீட்டில் யார்?

எழுபத்தைந்தைத் தாண்டியவர், இரண்டு மூன்று ஆண்டாக மெல்ல மெல்ல மறதி. எம்.ஆர்.ஐ. ஒருமுறை. கூடவே பி12, தைராய்டு, சோடியம், சர்க்கரை. தூக்க மாத்திரை, அலர்ஜி மாத்திரை உட்பட எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவர் முன் கொட்டுங்கள். காது கேட்கிறதா, மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தமிழிலேயே எடுக்கும் நினைவாற்றல் சோதனை கட்டாயம். டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமான்டின் ஆகிய வழக்கமான மருந்துகளைத் தொடங்க அமிலாய்டு ஸ்கேன் தேவையே இல்லை. மடிப்பாக்கம் வாசகிக்கு என் பதிலும் இதுதான். பெட்டுக்கு ஒதுக்கிய தொகையைப் பகலில் ஒரு உதவியாளர், பாத்ரூமில் கைப்பிடி, நல்ல காது மெஷின் என்று செலவிட்டால் அம்மாவுக்கு நேரடியாகப் போய்ச் சேரும்.

ஐம்பதுகளில் இருப்பவர், இன்னும் வேலையில் இருக்கிறார். கணக்கு தடுமாறுகிறது, அல்லது கண் மருத்துவர் கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லியும் எதிரில் இருக்கும் டம்ளரை எடுக்கத் தடுமாறுகிறார். இங்கே தயங்காதீர்கள். அமிலாய்டு சான்று வேண்டும். முதுகுத்தண்டு நீர் அல்லது அமிலாய்டு பெட், எது அருகில் தரமாகக் கிடைக்கிறதோ அது. வேலை, கடன், பவர் ஆஃப் அட்டர்னி, பிள்ளைகள் படிப்பு எல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்து மாறும்.

புதிய மருந்தை யோசிப்பவர். லெக்கனெமாப், டோனனெமாப் ஆகியவை படிவை அகற்றும் மருந்துகள். அமிலாய்டு சான்று இல்லாமல் தரக் கூடாது, ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும். லெக்கனெமாப் ஆய்வில் 18 மாதத்தில் சரிவு 27 சதவீதம் மெதுவானது. 18 புள்ளி அளவுகோலில் அது 0.45 புள்ளி. 12.6 சதவீதம் பேருக்கு மூளையில் வீக்கம் படத்தில் தெரிந்தது. ஆகவே பெட்டோடு செலவு முடியாது. நுண்கசிவு தெரியும்படியான எம்.ஆர்.ஐ. முன்னதாகவும், தொடங்கிய மாதங்களில் பலமுறையும் வேண்டும். இந்த மொத்தக் கணக்கையும் போட்ட பிறகுதான் முதல் ஸ்கேனுக்கு நாள் குறிக்க வேண்டும். நோய் நடுநிலையைத் தாண்டியவருக்கு ‘மருந்துக்காக’ அமிலாய்டு பெட் எடுப்பதில் அர்த்தமில்லை.

அம்மாவுக்கு இருக்கிறது, எனக்கும் வருமா என்று பயப்படும் மகன், மகள். எந்த ஸ்கேனும் வேண்டாம். பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, காது, கண், நடை. ‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் பட்டியலிட்ட, மறதிநோய்க்கு நம்மால் மாற்ற முடிந்த 14 காரணங்களில் இவையெல்லாம் இருக்கின்றன.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவர்கள் ஸ்கேன் மையத்திலிருந்து தொடங்காதீர்கள். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் நரம்பியல் பிரிவு, 2024-ல் கிண்டியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மையம், ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனத்தின் மறதிநோய்ப் பராமரிப்புப் பிரிவான டெம்கேர்ஸ் ஆகியவை விசாரிக்க ஏற்ற இடங்கள். போகும்போது மறதியால் நடந்த சம்பவங்களைத் தேதியோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: கேஸை அணைக்க மறந்தது, வழக்கமான தெருவில் வழி தவறியது, பென்ஷன் கையெழுத்து மாறியது. கூட வசிப்பவர் போகட்டும், போனில் மட்டும் பேசுகிறவர் போதாது.

எந்த ஸ்கேன் எடுத்தாலும் ஃபிலிமோடு திரும்பிவிடாதீர்கள். முழுப் படங்களும் உள்ள டிஸ்க் அல்லது லிங்க்கைக் கேட்டு வாங்கி, இரண்டு இடத்தில் சேமித்துவையுங்கள். இரண்டு வருடம் கழித்து வேறொரு மருத்துவர் ‘பழைய படம் இருக்கா?’ என்று கேட்பார். பக்கத்தில் வைத்து ஒப்பிட அவருக்குத் தேவைப்படுவது படம். ரிப்போர்ட்டின் அந்த இரண்டு வரி அவருக்கு உதவாது.